விழாவிற்குச் சென்றவன் எதைக் கொண்டுவந்தான்?

ஆண்டுதோறும் மழை ஓய்ந்த பின்னர்த் தமிழ்நாட்டில் எழுத்துத் திருவிழாக்கள் முளைத்துவிடுகின்றன. பேரூர்களில் பந்தல் எழும். வண்ணத் துணிகள் தொங்கும். பெயர் பெற்றவர் படங்கள் ஆளுயரத்திற்கு நிறுத்தப்பெறும். அதனைக் கேள்வியுற்று, எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து, இருபது அகவை இளைஞன் ஒருவன், தன் கையெழுத்துப்படியைத் துணிப்பையில் இட்டுக்கொண்டு இரவுப் பேருந்தில் ஏறுகின்றான். அப்படியில் அவன் எழுதிய பாக்கள் இருக்கும். அல்லது முடிவுறாத புதினம் ஒன்று இருக்கும். பேருந்துக் கட்டணம் அவன் தாய் அரிசிப்பானையிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகும். மூன்றாம் நாள் அவன் ஊர் திரும்புகின்றான். எதைக் கொண்டு திரும்புகின்றான்?

கணக்கெடுத்துப் பார்ப்பின் இவ்வளவே தேறும்: விளம்பரம் அச்சிட்ட பை ஒன்று, பெயர் பெற்ற எழுத்தாளர் ஒருவரோடு நின்று எடுத்துக்கொண்ட ஒளிப்படம் ஒன்று, நூலின் முதற்பக்கத்தில் அவர் கிறுக்கிய கையொப்பம் ஒன்று, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் கேட்ட ஆங்கில உரையாடல் நான்கு. அவன் கொண்டுசென்ற கையெழுத்துப்படியோ, எவர் கையும் தீண்டாமல், எவர் கண்ணும் நோக்காமல், சென்றவாறே திரும்பிவிட்டது. தாய் கொடுத்த காசிற்கு ஈடாக மகன் பெற்றது இதுதான் எனின், அவ்விழா யாருக்காக எடுக்கப்பெற்றது?

விழைந்து கூடுவது விழா. உழவன் விழைந்து கூடினான், பொங்கல் விழாவாயிற்று. எழுதுவோன் விழைவது யாது? தன் எழுத்து நன்றோ தீதோ என்று அறிந்தார் வாயால் அறிதல். நன்றாயின் எதனால் நன்று, தீதாயின் எதனால் தீது என்று தெளிதல். தன்னையொத்த இளையோரைக் காண்டல். தன் மொழி பெருமையோடு வீற்றிருக்கும் அவையில் தானும் ஒருவனாய் அமர்தல். இந்நான்கும் கிட்டாத இடத்தில் ஆயிரம் விளக்குகள் எரியினும் அது விழாவன்று, வெறுங் காட்சிச்சாலை.

இவ்வாறு கூறுவது வெறுஞ் சீற்றம் என்று சிலர் ஒதுக்குவர். ஆகலின், செம்மையாக நடைபெறும் விழா ஒன்றனைக் கண்முன் நிறுத்தி ஒத்துநோக்குதல் தக்கது. அதற்கு நெடுந்தொலைவில் உள்ள ஒரு சிறுநாட்டைக் காண்க. அது வேல்சு நாடு.

பிரித்தானியத் தீவின் மேற்கே மலையும் கடலும் சூழக் கிடப்பது அந்நாடு. 1536ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இங்கிலாந்தோடு பிணைத்து, வழக்குமன்றங்களில் ஆங்கிலமே மொழி என்று ஆக்கியது. 1847இல் வெளிவந்த கல்வியாய்வு அறிக்கை, வேல்சு மொழியே அம்மக்களின் முன்னேற்றத்திற்குத் தடை என்று பழித்தது. அவ்வறிக்கையை ‘நீலநூல்களின் இரண்டகம்’ என்றே அம்மக்கள் வரலாற்றில் எழுதிவைத்துள்ளனர். அந்நூற்றாண்டில், பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவரின் கழுத்தில் மரத்துண்டு தொங்கவிட்டு இழிவுசெய்ததும் உண்டு. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, மூன்று அகவையும் அதற்கு மேலும் உள்ளோருள் 17.8 விழுக்காட்டினர், அஃதாவது ஏறத்தாழ 5,38,000 பேர், அம்மொழி பேச வல்லவர். தமிழ் பேசுவோரோ 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 6.9 கோடியினர். நூற்றில் ஒரு பங்கும் இல்லாத அச்சிறு கூட்டம் தன் இளம் எழுத்தாளனுக்குச் செய்வதும், இப்பெருங்கூட்டம் தன் இளம் எழுத்தாளனுக்குச் செய்யாததும் எண்ணிப் பார்க்கத் தக்கன.

அந்நாட்டில் இருவகை விழாக்கள் உள. ஒன்று, வை ஆற்றங்கரையில் ஏய் என்னும் சிற்றூரில் 1988 முதல் நடந்துவருவது. உலகெங்கும் பெயர் பெற்றது அது. அமெரிக்க நாட்டின் மேனாள் குடியரசுத் தலைவர் கிளிண்டன் 2001இல் அங்கு வந்து பேசினார். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுவது அது. அங்குச் செல்வோன் நல்லுரை கேட்கலாம். நல்ல நூல் வாங்கலாம். அவை இழிந்தன அல்ல. ஆயினும் அங்கு எழுதப் புகுவோனின் இடம் கேட்போர் வரிசையேயாம். இன்று இந்தியாவின் பேரூர்களில் எடுக்கப்பெறும் விழாக்கள் பலவும் இவ்வகையின.

மற்றொன்று, ‘ஐசுதெத்வோது’ என்னும் நாட்டுப் பெருவிழா. அச்சொல்லின் வேர் ‘அமர்தல்’ என்னும் பொருளது. 1176ஆம் ஆண்டில் இரீசு என்னும் வேல்சுச் சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் பாவலரையும் இசைவாணரையும் கூட்டிப் போட்டி நிகழ்த்தி, வென்றார்க்கு இருக்கை அளித்தார் என்பது அதன் வரலாறு. புதுக்காலத்து நாட்டுப் பெருவிழா 1861இல் அபர்தேர் என்னும் ஊரில் தொடங்கிற்று. ஆண்டுதோறும் ஆகத்துத் திங்களின் முதற் கிழமையில், ஓராண்டு வடக்கிலும் ஓராண்டு தெற்கிலுமாக ஊர் மாற்றி அதனை நடத்துவர். தலைநகரில் ஒரே மண்டபத்தில் முடங்கிக் கிடப்பதன்று அது.

அதுவும் ஒருகாலத்தில் நோயுற்றுக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் மேடையில் ஆங்கிலம் பெரிதும் புகுந்தது. வேல்சு மொழியில் பாடுவோரை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் தலைமையுரை ஆற்றினர். ‘உலகம் நம்மை அறிய வேண்டாவா?’ என்று அக்காலத்துப் பெரியோர் வினவினர். இன்று தமிழ்நாட்டில் கேட்கும் அதே குரல்! பின்னர் அம்மக்கள் விழித்தனர். மேடையில் வேல்சு மொழி ஒன்றே ஒலித்தல் வேண்டும் என்னும் நெறி 1950இல் கேர்ப்பில்லி ஊர் விழாவில் நடைமுறைக்கு வந்தது. அம்மொழி அறியாதார்க்குக் கதவு அடைக்கப்பெறவில்லை. காதில் பொருத்திக்கொள்ளும் மொழிபெயர்ப்புக் கருவி அவர்க்கு உண்டு. மொழியைக் கற்போர்க்குத் தனிப்பந்தலும் உண்டு. விருந்தினனுக்கு மொழிபெயர்ப்பு, வீட்டுக்காரனுக்கு அவன் தாய்மொழி. இதுவே முறை. தமிழ்நாட்டு மேடைகள் சிலவற்றிலோ வீட்டுக்காரன் மொழிபெயர்ப்புக்குக் காத்துக்கிடக்கின்றான். விருந்தினன் மொழி அரியணையில் அமர்ந்திருக்கின்றது!

இனி, அவ்விழாவால் எழுதப் புகுவோன் பெறுவன யாவை எனக் காண்போம்.

முதலாவது, முகம் பாராத தீர்ப்பு. யாப்பமைந்த நெடும்பாட்டிற்கு இருக்கையும், கட்டற்ற பாவிற்கு முடியும், உரைநடைக்குப் பதக்கமும் அங்குப் பரிசுகள். போட்டிக்கு எழுதுவோர் தம் பெயரை எழுதுதல் கூடாது. புனைபெயர் ஒன்றே இடல் வேண்டும். உண்மைப் பெயர் ஒட்டப்பட்ட உறையுள் தனியே இருக்கும். நடுவர் எழுத்தை மட்டுமே காண்பர். எழுதியவன் பேராசிரியனா பண்ணையாளா, யார் மகன், எவ்வூரான், எக்கட்சியான் என்பது அவர்க்குத் தெரியாது. தீர்ப்பு மேடையில் உரைக்கப்பெற்ற பின்னர் ஊதுகொம்பு முழங்கும். இன்ன புனைபெயர் உடையார் எழுந்து நிற்க என்பர். அப்போதுதான் பல்லாயிரவர் நடுவே ஒருவர் எழுவார். சாதியும் செல்வாக்கும் பரிந்துரை மடலும் நுழைய அங்கு இடுக்கு இல்லை. தமிழ்நாட்டில் சாதிப்பெயரும் பதவிப்பெயரும் கேட்டே எழுத்தை எடைபோடும் இழிவை ஒழிக்க இதனினும் எளிய வழி யாது?

இரண்டாவது, காரணம் காட்டும் தீர்ப்பு. நடுவர்தம் ஆய்வுரைகள் வென்ற படைப்புகளோடு நூலாக அச்சிடப்பெற்று விழாவிலேயே விற்கப்பெறுகின்றன. அந்நூலில் வென்றோர் மட்டுமல்லர், தோற்றோரும் ஆராயப்பெறுவர். இன்ன புனைபெயரார் ஐந்தாம் பகுதியில் தளர்ந்தார். இன்னார் ஓசை நன்று, உள்ளீடு மெலிது என்று நடுவர் எழுதுவர். உண்மைப் பெயர் வெளிவராமையால் தோற்றவன் நாணவேண்டுவதில்லை. குறை வெளிவருவதால் அவன் கற்காதிருக்கவும் இயலாது. பரிசு பெறாதவனும் பாடம் பெற்றுத் திரும்புகின்றான். விழாவின் மெய்யான கொடை இதுவே என்க. இங்கோ பரிசுப்பட்டியலில் பெயரில்லாதவன் ஏன் இல்லை என்பதை அறியவே மாட்டான். பெயருள்ளவனும் ஏன் உள்ளது என்பதை அறியான்!

தகுதியுடைய படைப்பு இல்லையாயின் அவ்வாண்டு இருக்கையை எவர்க்கும் அளியாது விடுதலும் அங்கு வழக்கம். 2013இல் அவ்வாறே நிகழ்ந்தது. செய்து வைத்த இருக்கை இருக்க, கூடிய கூட்டம் கூடியிருக்க, தகுதியுடையார் இலர் என்று கூறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்நெஞ்சுரமே பரிசிற்குப் பொருள் தருவது. எல்லார்க்கும் பொன்னாடை போர்த்தும் அவையில் பொன்னாடை வெறுந் துணியேயன்றோ?

மூன்றாவது, தொழிற்பயிற்சி. அந்நாட்டு யாப்பு, மெய்யொலிகளை நிரல்பட இயைக்கும் கடுமையான கட்டுடையது. அதனைப் பழங்குப்பை என்று அவர் வீசிவிடவில்லை. விழாவில் இலக்கியப் பந்தல் என்று ஓர் இடம் உண்டு. அங்குப் பாவலர் குழுக்கள் எதிரெதிர் அமர்ந்து, கொடுத்த பொருளுக்கும் கொடுத்த அடிக்கும் உடனுக்குடன் பாடுவர். நடுவர் மதிப்பெண் இடுவர். கூட்டம் நகைக்கும், ஆர்ப்பரிக்கும். ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லும் தமிழ்வழக்கை அறிந்தார்க்கு இது புதிதன்று. அங்கு அது மக்கள் விழாவாகத் திகழ்கின்றது; இங்கு அது முதியோர் நினைவாகச் சுருங்கிற்று.

நான்காவது, ஏணி. பெருவிழா உச்சிப்படி மட்டுமே. அதன் கீழே ஊர்தோறும் சிறுவிழாக்கள் உண்டு. இளையோர்க்கென 1922இல் தோன்றிய ‘உர்து’ என்னும் இயக்கம், 1929 முதல் இளையோர் பெருவிழாவைத் தனியே நடத்திவருகின்றது. பள்ளிச் சிறுமி தன் பள்ளியில் பாடுவாள், பின் வட்டாரத்தில், பின் நாட்டு மேடையில். இருபது அகவையில் திடுமென ஒருநாள் பேருந்தேறி அயலானாய் வந்து நிற்கும் நிலை அங்கில்லை.

இந்நான்கும் ஓர் உயிரில் எவ்வாறு திரண்டன என்பதற்கு ஒரு சான்று போதும். எல்லிசு எவன்சு என்பார் வடவேல்சின் மலைப்பண்ணை ஒன்றில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். பதினான்காம் அகவையோடு பள்ளியை விட்டவர். ஊர்விழாக்களே அவர்க்குக் கல்லூரியாயின. 1907இல், தம் இருபதாம் அகவையில், பாலா என்னும் ஊரின் விழாவில் முதல் இருக்கையை வென்றார். எத்து வின் என்பது அவர் பாவலர்ப்பெயர். முதல் உலகப்போரில் படையில் சேர்க்கப்பெற்ற அவர், ‘வீரன்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நெடும்பாட்டு ஒன்றனை எழுதி, பிறிதொரு புனைபெயரில் நாட்டுப் பெருவிழாவிற்கு விடுத்தார். 1917ஆம் ஆண்டு செத்தம்பர் 6ஆம் நாள் பர்க்கன்எட்டு ஊரில் அவை கூடிற்று. பிரித்தானியத் தலைமையமைச்சர் இலாயிட்டு சியார்சு அவையில் இருந்தார். வென்ற புனைபெயர் அழைக்கப்பெற்றது. ஊதுகொம்பு முழங்கிற்று. எவரும் எழவில்லை. மீண்டும் அழைத்தனர், எவரும் எழவில்லை. அவர் 37 நாள்களுக்கு முன்னர், சூலை 31இல், பெல்சிய நாட்டுப் போர்க்களத்தில் மாண்டுவிட்டார் என்பது பின்னரே அறிவிக்கப்பெற்றது. வெற்றிருக்கைக்குக் கருந்துணி போர்த்தினர். பேரவை அழுதது.

தலைமையமைச்சர் அமர்ந்த அவையில் ஆடு மேய்த்தவனுக்கு இருக்கை காத்திருந்தது. பெயர் மறைத்த முறையும், ஊர்விழா என்னும் ஏணியும், தாய்மொழிப் பாட்டிற்கு இருக்கை அளிக்கும் மேடையும் இல்லையாயின், அவர் பெயரை மலையாடுகளே அறிந்திருக்கும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இத்தகையோர் எத்துணைப் பேர், அழைக்கும் ஊதுகொம்பு இன்றி, எழாமலே மறைகின்றனரோ!

அவ்விழாவிலும் போலி உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. வெண்ணிற உடை தரித்து, கல்வட்டத்தில் நின்று நடத்தும் அதன் சடங்குகள் பழங்காலத்தின என்று பலர் எண்ணுவர். அவை 1792இல் யோலோ மோர்கானுகு என்பார் இலண்டனில் தாமே புனைந்து தொடங்கியவை. வேல்சு அறிஞரே அதனை ஆய்ந்து வெளிப்படுத்தினர். தமிழர்க்குப் பொய்ப்பழமை வேண்டுவதில்லை. மெய்ப்பழமையே கையில் உள்ளது.

அரங்கேற்றம் என்பது என்ன? நூல் செய்தவன் அறிந்தார் அவையில் அதனை விரித்துரைத்து, தடை வினவுவார்க்கு விடையிறுத்து, குறை கண்டவிடத்துத் திருத்திக்கொள்ளும் முறையன்றோ? தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் ஐயமற விளக்கப்பெற்றது என்று பனம்பாரனார் பாயிரம் கூறும். தொல்காப்பியர்க்கே தடை வினாவ ஓர் ஆசான் இருந்தார் எனின், இன்று எழுதுவார்க்கு வேண்டாவா? 1901இல் பாண்டித்துரையார் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவி, இதழ் நடத்தி, புலவர் தேர்வு வைத்ததும் அம்முறையை மீட்டற்கேயாம். 1911இல் கரந்தையில் தோன்றிய சங்கமும் அவ்வழியே வந்தது. அரங்கேற்றம் என்னும் சொல் இன்று ஆடலோடு நின்றுவிட்டது. எழுத்திற்கு எஞ்சியது ‘நூல் வெளியீடு’. அரங்கேற்றத்தில் வினா உண்டு. வெளியீட்டில் புகழ்ச்சி மட்டுமே உண்டு.

இனி, மறுப்பார் கூற்றுகளை ஆராய்வோம். ஆங்கிலம் இன்றேல் உலகப்புகழ் கிட்டாது என்பர். மொழிபெயர்ப்பு வேண்டா என்பார் எவர்? நூல் பிறந்தபின் மொழிபெயர்க்கலாம். பிறக்கும்போதே பிறமொழியான் சுவையை எண்ணிப் பெறுதல் கூடாது. ஆங்கில மேடையில் அமர்த்தப்பெற்ற தமிழ் எழுத்தாளன் தன் தொழிலைப் பற்றித் தான் அறிந்தவற்றையும் கூறமாட்டாது தடுமாறுகின்றான். அதனைக் காணும் இளைஞன் தமிழில் எழுதினால் இந்நிலைதான் என்று உள்ளூரக் கற்றுக்கொள்கின்றான். விழா அவனுக்குக் கற்பித்த நச்சுப்பாடம் அது.

தமிழ் பெருமொழி, அதற்கு வேல்சுபோல் காவல் வேண்டா என்பர் வேறு சிலர். தொகை காவலாகாது. 17.8 விழுக்காட்டினர் தம் மேடையைத் தம் மொழிக்கே வைத்துக்கொள்ள, பெரும்பான்மையர் தம் மேடையை இழப்பாராயின், சிறியது எது, பெரியது எது?

மூன்றாவது கூற்று, தனித்தமிழ் அன்பர்தம் அவைகளிலிருந்தே எழுவது. அதற்கும் விடை கூறியாக வேண்டும். தூயதமிழில் எழுதினானா, போதும், பாராட்டுக என்பது அது. இது பெருந்தவறு. வடசொல்லை நீக்கியதனாலேயே உரை உரையாகிவிடாது, பா பாவாகிவிடாது. அசை பிரிக்க அறியாது அடுக்கிய சொற்களைக் கொள்கை ஒன்றே கருதிக் கைதட்டி ஏற்கும் பாட்டரங்குகள் இயக்கத்திற்கு நன்மை செய்யவில்லை. தலைவரைப் பத்து அடியில் புகழ்ந்து, பகைவரைப் பத்து அடியில் இகழ்ந்து இறங்குவோன் பாவலன் ஆகான். 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழை மேற்கொண்டபோது, அது நடையின் வன்மையால் நின்றதேயன்றி இரக்கத்தால் நின்றதன்று. மெலிந்த எழுத்தைத் தட்டிக்கொடுத்து வளர்ப்பவன் தமிழுக்குப் பகைவனே. அவன் நாவில் ஒரு வடசொல்லும் இல்லாதிருப்பினும் பகைவனே.

ஆகலின் செய்யத்தக்கன இவை. விழா எடுப்போர் யாவராயினும், இளையோர் எழுத்தைப் புனைபெயரில் முன்கூட்டியே பெறுக. மூவர் நடுவர் அதனைப் படித்துக் காரணத்தோடு தீர்ப்பு எழுதுக. அத்தீர்ப்புகளை, தோற்றோர்க்கு உரியவற்றையும் சேர்த்து, விழா நாளிலேயே நூலாக வெளியிடுக. தகுதியுடையார் இல்லாத ஆண்டில் பரிசை நிறுத்துக. மேடைமொழி தமிழாகுக, அயலார்க்கு மொழிபெயர்ப்பு அமைக்க. ஈற்றடிப் போட்டிகளை மீட்க. 2022, 2023ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டரசு பொருநை, சிறுவாணி, காவிரி, வைகை என ஆறுகளின் பெயராலும், சென்னையிலும் இலக்கியத் திருவிழாக்களை எடுத்தது. விழா தலைநகரை விட்டு ஆற்றங்கரைகளுக்குச் சென்றது நல்ல தொடக்கம். ஆறு பேரூர் வழியாக மட்டும் ஓடுவதன்று. வாய்க்காலாய்ப் பிரிந்து சிற்றூர் வயலையும் நனைத்தல் வேண்டும். வட்டந்தோறும் ஒரு சிறுவிழா, பள்ளிதோறும் ஓர் அரங்கேற்றம் என்று அஃது இறங்குக. இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. படிக்கும் கண்ணும், உண்மை கூறும் நாவும் உடைய ஆசிரியர் மூவர் ஓரூரில் இருப்பின் போதும்.

அரசு செய்யட்டும், நிறுவனங்கள் செய்யட்டும் என்று காத்திருத்தலும் வேண்டா. தமிழ் மன்றம் உள்ள ஊரெல்லாம் அவையுள்ள ஊரே. வரும் பொங்கலுக்கே ஒரு பெட்டி வைத்து, பெயரிடாத எழுத்துகளைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தொடங்கலாம்.

அன்று அவ்விளைஞன் மீண்டும் பேருந்தேறுவான். திரும்பி வருங்கால் அவன் பையில் ஒளிப்படம் இல்லாதிருக்கலாம், பொன்னாடை இல்லாதிருக்கலாம். அவன் கையெழுத்துப்படியின் ஓரங்களில் மட்டும், அறிந்தார் ஒருவர் கையால், இவ்வடி தளர்ந்தது, இச்சொல் பொருந்தாது, இப்பகுதி நன்று, மேலும் எழுதுக என்று குறித்திருக்கும். தாய் கொடுத்த காசு வீண்போகவில்லை என்பதற்கு அதுவே சான்று. அத்தகைய விழா தமிழ்நாட்டில் எழுக!